கூரை ஜன்னலுக்கு ஓர் உறுதிமொழி

மே மாதம் வந்தால் எங்கள் இத்தாலிய மலையூர் ரோக்காபியானாவில் எல்லோரும் என்னிடம் உண்மை பேச ஆரம்பித்துவிடுவார்கள். பாதிரியாரிடம்கூட அவ்வளவு சொல்வார்களா என்பது சந்தேகம்தான். வரிக்கணக்குக் கொடுக்கும் மாதம் அது. யாருக்குப் பல்செட், யாருக்கு மூல ஆபரேஷன், யார் பெண்டாட்டியிடம் சொல்லாமல் வைத்தியம் பார்த்துக்கொண்டார், எல்லாம் பில்லாக என் மேசைக்கு வந்து சேரும். தொழிற்சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் வரி உதவி மையத்தில் எனக்கு இது இருபத்திரண்டாவது வருஷம். பேர் டெலியா. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். இந்த வாய் இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு வரி திரும்ப வந்திருக்காது.

அந்தப் புதன்கிழமை ஒரெஸ்தே மாமா வந்தார். எங்கள் ஊரில் வயதான ஆண்கள் எல்லோரும் மாமாதான். எழுபத்தெட்டு வயது. முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். இரண்டு ரயில் ஒரே தண்டவாளத்தில் வந்துவிடக் கூடாது என்று ஆயுள் முழுக்கக் கவலைப்பட்ட மனுஷன் காகிதங்களை எப்படி வைத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. நீலக் கோப்பு, அதற்குள் பிளாஸ்டிக் உறைகள், ஒவ்வொரு உறையிலும் பென்சிலால் எண்.

ஜன்னல் மாற்றியதற்கான வரிக் கழிவு கேட்டு வந்திருந்தார். குளிர் உள்ளே வராத இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டால், ஆன செலவில் பாதியை அரசாங்கம் நாம் கட்டும் வரியிலிருந்து கழித்துக் கொடுக்கும். மொத்தமாக இல்லை, பத்து வருஷத்துக்குப் பிரித்து. இந்தப் பத்து வருஷம் என்ற யோசனையை எண்பது வயதைக் கண்ணால் பார்க்காத எவனோ ஒருவன்தான் எழுதியிருக்க வேண்டும்.

கோப்பைத் திறந்தேன். நான்கு ஜன்னல், ஒரு கூரை ஜன்னல். பில் இருந்தது. பழைய ஜன்னல்களைக் கழற்றுவதற்கு முன் எடுத்த போட்டோ இருந்தது. தொண்ணூறு நாளுக்குள் ரோமுக்கு அனுப்ப வேண்டிய விவரச் சீட்டு நாற்பதாவது நாளே போயிருந்தது. பேங்க் மூலம் பணம் அனுப்பியதுகூடச் சரி. எந்தச் சட்டப் பிரிவு, யாருடைய வரி எண், எல்லாம் அதிலேயே எழுதி அனுப்ப வேண்டும், பேசும் பணவிடை என்று சொல்வோம். ஊரில் பாதிப் பேர் சாதாரணமாக அனுப்பிவிட்டு என் முன்னால் வந்து மூக்கைச் சிந்துவார்கள். ஒரெஸ்தே மாமாவுடையது பேசியது, கமா புள்ளியோடு பேசியது.

"மாமா, உங்க ஃபைலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசல்ல மாட்டி வைக்கணும்னு தோணுது"ன்னேன்.

"சிக்னல் வேலைல ஒரு தப்பு பண்ணினா போதும்மா. அடுத்ததைப் பண்ண ஆளிருக்காது."

பிறகு முகவரியைப் பார்த்தேன். தணிந்த குரலில் கேட்டேன். "மாமா, இது சிஞோரா எல்வீரா வீடு இல்ல?"

"ஆமா."

"உங்க வீடு இல்லையே."

"இல்ல."

"அப்ப ஏன் நீங்க கட்டினீங்க?"

"அவங்களுக்கு வர்ற பென்ஷனுக்கு வரியே கிடையாது. வரி இல்லாதவங்களுக்கு எதுலேர்ந்து கழிப்பாங்க? எனக்குத்தான் வரி பிடிக்கிறாங்க. அதான் நான் கட்டினேன். சட்டத்தை நல்லாப் படிச்சுட்டுத்தான் செஞ்சேன்."

நல்லாப் படித்திருந்தார். ஒரே ஒரு வரியைத் தவிர. கட்டுகிறவர் வீட்டுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாடகைக்கு இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் சொந்தக்காரரோடு சேர்ந்து வாழ்கிறவராக இருக்க வேண்டும், அதுவும் வேலை ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே. நகராட்சிப் பதிவில் ஒரெஸ்தே மாமா மாதாகோவிலுக்குப் பின்னால் இருக்கும் தங்கை ஜெம்மா வீட்டில் குடியிருந்தார்.

இதை அவரிடம் சொன்னேன். அவர் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அப்ப கிடைக்காதா?"

அவர் ராத்திரி எங்கே படுக்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் இல்லை, எங்கள் தெருவுக்கே தெரியும்.

எல்வீரா வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. தொண்ணூற்றொன்பதில் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தேன். வந்த முதல் வாரமே ராத்திரி எட்டரைக்கு, டிவியில் செய்தி முடிந்ததும், எதிர்வீட்டு வாசலில் ஒரு ஆண் குரல் கேட்டது. "புவோனா நோத்தே, சிஞோரா எல்வீரா!" குட்நைட் சொல்வதுதான், ஆனால் ரயில் பிளாட்பாரத்தில் கூப்பிடுகிற குரல். உள்ளேயிருந்து, "புவோனா நோத்தே, சிஞோர் ஒரெஸ்தே, பாத்துப் போங்க!" அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, கோவிலைச் சுற்றி, தங்கை வீட்டு வாசல் வரைக்கும் போவார். அங்கிருந்து பின்சந்து வழியாக வந்து, எல்வீராவின் தோட்டத்துக் கதவைத் திறந்து உள்ளே போவார். மறுநாள் காலை அதே வழியில் போய், சுற்றிக்கொண்டு முன்வாசலில் வந்து மணி அடிப்பார். மழையென்றால் குடையோடு. பனியென்றால் பூட்ஸோடு. முழங்கால் ஆபரேஷன் ஆன வருஷம் கைத்தடியோடு.

என் மாமியாரிடம் கேட்டேன், இது என்ன கூத்து என்று. அவள் காதோடு சொன்னாள். எல்வீராவின் புருஷன் எத்தோரே கல்குவாரியில் செத்தவன். அவனுடைய அம்மா நுன்ஸியா அந்த வீட்டின் கீழ்த்தளத்தில்தான் இருந்தாள். என் மகன் கூரைக்குக் கீழே வேறொரு ஆம்பளை படுக்கக் கூடாது என்று சாவு வீட்டிலேயே மருமகளிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். கல்யாணம் செய்துகொண்டால் புருஷன் பென்ஷனும் போய்விடும். அதனால் எல்வீரா கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, சத்தியத்தையும் மீறவில்லை, குறைந்தது முன்வாசல் வழியாக மீறவில்லை. தெரு மொத்தமும் கண்டும் காணாமல் இருந்தது. நானும் பழகிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அந்தக் குரலை வைத்துத்தான் பிள்ளைகளைப் படுக்க அனுப்புவேன்.

நுன்ஸியாக் கிழவி தொண்ணூற்றாறு வயதில், இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் போய்ச் சேர்ந்தாள். கூத்து நின்றுவிடும் என்று நினைத்தோம். நிற்கவில்லை. மறுநாளும் எட்டரைக்கு "புவோனா நோத்தே" கேட்டது. பிறகு இந்த ஜன்னல் சலுகை வந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாக ஜன்னல் மாற்றினார்கள், எல்லாம் என் மேசை வழியாகத்தான். நானும் மாற்றினேன். இப்போது எட்டரைக்கு எதிர்வாசலில் ஒரெஸ்தே மாமாவின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். ஒரு சத்தமும் உள்ளே வராது. கேட்க ஒருத்தரும் இல்லாத தெருவில் அந்த மனுஷன் தினமும் கத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? விவரச் சீட்டைக் கையில் எடுத்தேன்.

"இந்தக் கூரை ஜன்னல் எந்த ரூமுக்கு?"

"மேல் மச்சுக்கு."

"அந்த ரூமுக்கு வெந்நீர்க் குழாய் ஹீட்டர் இருக்கா? சூடு பண்ற ரூமா இருந்தாத்தான் செல்லும்."

"இருக்கே. சின்னதா ஒண்ணு. கட்டிலுக்குப் பக்கத்துல, என்னோட..."

நிறுத்திவிட்டார். காது நுனி வரைக்கும் சிவந்துபோனது. எழுபத்தெட்டு வயதில் ஒருவர் அப்படிச் சிவப்பதைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"மாமா, ஒரு வழி இருக்கு. பதிவுல இல்லன்னாலும் பரவால்ல. இன்ன தேதியிலேர்ந்து இந்த வீட்டுல சேர்ந்து வாழறோம்னு ஒரு உறுதிமொழி எழுதிக் குடுத்தாப் போதும். நீங்க ஒரு கையெழுத்து, வீட்டுக்காரங்க ஒரு கையெழுத்து. ரெண்டு நிமிஷ வேலை."

"அவங்களுமா?"

"எங்க மையத்துல அப்படித்தான் வாங்குவோம்."

அவர் படிவத்தை எட்டப் பிடித்துப் படித்தார். பிறகு மேசை மேல் வைத்தார். "அவங்ககிட்ட இதைக் கேக்க முடியாதும்மா."

"ஏன் முடியாது? கிழவி போயி அஞ்சு வருஷமாச்சு."

"எதையும் வாய்விட்டுச் சொன்னதில்ல நாங்க. அவங்களுக்கு அது பிடிக்கும்னு நெனச்சேன், அப்படியே விட்டுட்டேன். இப்பப் போயி காயிதத்துல எழுதுன்னா..."

"அப்ப விடுங்க. சலுகை போனாப் போகட்டும்."

"அது போனா எல்லாம் போச்சு." முதல் தடவையாக அவர் குரல் தடுமாறியது. "ஜன்னல் மாத்தறதுக்கு முந்தின குளிர்காலம் அவங்களுக்கு நிமோனியா வந்துச்சே, ஞாபகமிருக்கா? ஜன்னலுக்கு உள்பக்கம் ஐஸ் பிடிச்சிருந்துச்சு. நான் மாத்தித் தர்றேன்னேன். என் வீட்டுக்கு நீங்க ஏன் செலவழிக்கணும்னு சண்டை. பாதி கவர்மெண்ட் தருது, மீதிப் பாதிதான் நான்னு சொல்லி, அந்தப் பேச்சுலதான் சம்மதிச்சாங்க. இப்ப கவர்மெண்ட் தரலன்னு தெரிஞ்சா, அந்தப் பாதிய அவங்க பென்ஷன்லேர்ந்து மாசாமாசம் கவர்ல போட்டு என் கையில வெச்சுருவாங்க. கொடுத்த வாக்குன்னா அவங்களுக்கு உசிரு. அந்தக் கவரை என்னால வாங்க முடியாது டெலியா. இருபத்தாறு வருஷத்துல அவங்க என்கிட்ட வாங்கிக்கிட்டது இந்த ஜன்னல் ஒண்ணுதான்."

அவர் இருபத்தாறு என்று சொன்னதை நான் கவனித்தேன். அவர் கவனிக்கவில்லை.

"அடுத்த வாரம் வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க"ன்னேன். "நான் பேசறேன்."

வியாழக்கிழமை வந்தார்கள். தனித்தனியாகத்தான். பத்து மணிக்கு ஒரெஸ்தே மாமா வந்து காத்திருக்கும் அறையில் உட்கார்ந்தார். பத்தே காலுக்கு எல்வீரா. எழுபத்து நாலு வயது, நேரான முதுகு, கையில் துணி மூடிய தட்டில் பிட்ஸெல்லே பிஸ்கட். ஊரில் எல்லாப் பெண்களையும் அத்தை, அக்கா என்போம். இவர் மட்டும் எல்லோருக்கும் சிஞோரா, அதாவது அம்மணி.

"வணக்கம், சிஞோர் ஒரெஸ்தே. நீங்களும் வந்திருக்கீங்களா?"

"வணக்கம், சிஞோரா எல்வீரா. ஒரு சின்ன வேலை."

அங்கே உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் தங்கள் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் இரண்டு பேரும் ஒரே பானைக் காப்பியைக் குடித்துவிட்டு வந்தவர்கள் என்பது அந்த அறைக்கே தெரியும்.

உள்ளே கூப்பிட்டேன். ஒரெஸ்தே மாமா படிவத்தை முன்னமே நிரப்பிக் கொண்டுவந்திருந்தார், அச்சு மாதிரி எழுத்து. தன் கையெழுத்தையும் போட்டிருந்தார். எல்வீரா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து படித்தார். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஜாதி இல்லை அவர். "பொய்யான உறுதிமொழி அளிப்பவர் மீது குற்ற நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வரியைச் சத்தமாகவே படித்தார். பிறகு கீழே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

கண்ணாடியைக் கழற்றினார். பேனாவை மூடி மேசை மேல் வைத்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"சிஞோரா, ஒரு நிமிஷம்..."

"போடமாட்டேன்மா. பிட்ஸெல்லே உனக்குத்தான், தட்டை அப்புறம் வாங்கிக்கறேன்."

எழுந்து போய்விட்டார். என் அறைக் கதவைச் சாத்தவில்லை. தெருக்கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன கிழவி மேல், செத்துப்போன எத்தோரே மேல், ஊர் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக எல்வீரா மேல். அந்த மனுஷன் இருபத்தாறு வருஷம் பனியிலும் மழையிலும் கோவிலைச் சுற்றியிருக்கிறார். ஒரு கையெழுத்துப் போட்டால் இவர் கௌரவம் கரைந்துவிடுமா?

"நான்தான் சொன்னேனேம்மா"ன்னார் ஒரெஸ்தே மாமா. "அவங்களுக்குச் சங்கடமாயிருக்கும்னு. அதுக்குத்தான் பாத்துப் பாத்துத் தேதி போட்டேன்."

"என்ன தேதி போட்டீங்க?" நான் இன்னும் பார்க்கவே இல்லை. படிவத்தை இழுத்தேன். 2019 நவம்பர் 1 முதல் சேர்ந்து வாழ்கிறோம் என்று இருந்தது.

"கிழவி செத்து ஒரு மாசம் கழிச்சு"ன்னார். "வேலை நடந்தது இருபத்து மூணுல. அதுக்கு முன்னாடியே சேர்ந்து இருந்தாப் போதும்னு நீதானே சொன்னே? இது போதுமே. சத்தியத்தை மீறினாங்கன்னு எவனும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதில்ல. காயிதம்னா நாளைக்கு யார் கையிலயும் போகும்."

சட்டப்படி போதும்தான். எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை. எல்வீரா போய்க் கால் மணி நேரம் ஆகாமல் அவர் தெருவில் இறங்க மாட்டார், பின்னாலேயே போனதாக யாராவது நினைத்துவிடுவார்களே! நான் ஒரு பிட்ஸெல்லேயை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷம் போயிருக்கும். தெருக்கதவு திறந்தது. எல்வீரா காத்திருந்தவர்களுக்கு நடுவே விறுவிறுவென்று வந்து என் அறை வாசலில் நின்றார். மூச்சு வாங்கியது.

"அங்க தெருமுனை நீரூற்றுகிட்ட நிக்கறேன்"ன்னார். என்னிடம் இல்லை, அவரிடம். "பத்து நிமிஷமா நிக்கறேன். இன்னிக்காவது வருவேன்னு பாத்தேன். ஒரு நாளாவது என் பின்னாடி தெருவுல வந்திருக்கியா நீ?"

நீ என்றார். ஊர் கேட்க, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. வெளியே யாரோ பல் டாக்டர் பில்லைக் கீழே போட்டார்கள், எடுக்கவில்லை.

ஒரெஸ்தே மாமா எழுந்து நின்றார். "சிஞோரா எல்வீரா, எல்லாரும்..."

"கேக்கட்டும். அஞ்சு வருஷமா? அஞ்சு வருஷம்னு என் கையெழுத்துக்கு மேல எழுதி வெச்சிருக்கே. அதுக்கு முன்னாடி இருபத்தியோரு வருஷம் என் கட்டில்ல படுத்திருந்தது யாரு? பால்காரனா?"

காத்திருப்பவர்களில் ஒருத்திக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"உன் நல்லதுக்காகத்தான் போட்டேன்"ன்னார் அவர். அவருக்கும் நீ வந்துவிட்டது. "கிழவி உசிரோட இருக்கும்போதே நீ வாக்கு மீறினதா ஆயிடக் கூடாதுன்னு."

"கிழவிக்குத் தெரியாதா? சாகறதுக்கு முந்தின நாள் என்னைப் பக்கத்துல கூப்பிட்டா. ஏதோ ஜெபம் சொல்லச் சொல்றான்னு குனிஞ்சேன். 'அந்தத் தோட்டத்துக் கதவுக்கு எண்ணெய் போடச் சொல்லுடி, இருபது வருஷமா என் தூக்கம் போச்சு'ங்கறா."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே! மறுநாளும் எட்டரைக்குத் தொப்பிய மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டே. சரி, இவனுக்குத் தங்கச்சி வீட்டு வாசலை மிதிச்சுட்டு வந்தாத்தான் தூக்கம் வரும் போலன்னு விட்டுட்டேன்."

"உனக்குத்தான் அது வேணும்னு நான் நெனச்சேன்."

"எனக்கா? இந்த முழங்காலோட பனியில நீ வழுக்கி விழுவியோன்னு பின்கதவுகிட்ட தெனம் நின்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேனே, அதுவா எனக்கு வேணும்?"

நான் இரண்டு பேரையும் பார்த்தேன். ஐந்து வருஷம், எல்வீராவுக்காக என்று இவர் நடந்தார், இவருக்காக என்று எல்வீரா நடக்கவிட்டார். கோபப்பட்டதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் நான் அரைச் சம்பளத்துக்குக் கணக்குப் பார்க்கிறவள், என் வேலையைச் சொல்ல வேண்டும். "வரிக்கு ரெண்டாயிரத்துப் பத்தொன்பதே போதும். பழைய தேதி போட்டா ஒரு காசு கூடுதலா வராது"ன்னேன்.

"வரிக்குப் போதும்"ன்னார் எல்வீரா. "எனக்குப் போதாது. புது ஃபாரம் குடு."

கொடுத்தேன். அவர் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தன் கையாலேயே எழுதினார், எழுதும்போது வாய் விட்டுச் சொன்னார். "மூணு. அக்டோபர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு. சனிக்கிழமை."

"கிழமை வேண்டாம், சிஞோரா. அதுக்குக் கட்டம் இல்ல."

"சனிக்கிழமை"ன்னு எழுதியே விட்டார். "நல்ல மழை. கூரை ஜன்னல் ஒழுகிச்சு. ரயில்வேல இருக்கற என் அண்ணன் தார் பூசித் தருவான்னு ஜெம்மா அனுப்பி வெச்சா. பூசினார். ஒழுகறது நிக்கல. மழை விடட்டும், போறேன்னார். போகல."

"தார் மட்டமான தார்"ன்னார் ஒரெஸ்தே மாமா.

"கை மட்டமான கை. கட்டிலுக்குப் பக்கத்துல வாளி வெச்சுக்கிட்டு இருபத்தஞ்சு வருஷம் படுத்திருக்கேன் டெலியா. ஒரு ஜன்னல் ஒழுகறதை நிறுத்த வந்த ஆளு. கடைசில கவர்மெண்ட் வந்துதான் நிறுத்த வேண்டியிருந்துச்சு."

வெளியே இப்போது எல்லோரும் வெளிப்படையாகவே சிரித்தார்கள். எல்வீரா சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார், முழுப் பேரும் சேர்த்து. பேனாவை அவர் பக்கம் தள்ளினார். ஒரெஸ்தே மாமா தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் போட்டார். அவருடைய அச்சுக் கையெழுத்து அன்றைக்குக் கொஞ்சம் கோணியது.

"பத்து வருஷம் வருமாம்மா இது?"ன்னு எல்வீரா என்னைக் கேட்டார்.

"பத்து வருஷம். ஒவ்வொரு மே மாசமும் என்கிட்ட வரணும்."

"அப்ப எண்பத்தெட்டு ஆகும் இவனுக்கு. கேட்டியாடா? அது வரைக்கும் எங்கயும் போகக் கூடாது. கவர்மெண்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கோம்."

"எங்க போறது"ன்னார் அவர், கையில் இருந்த பிட்ஸெல்லேயைக் கடித்துக்கொண்டு.

போகும்போது இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் இறங்கியதும் ஒரெஸ்தே மாமா வழக்கப்படி பின்வாங்கினார். எல்வீரா நின்று, திரும்பி, முழங்கையை நீட்டினார். அவர் பிடித்துக்கொண்டார். "எல்வீரா அத்தை, தட்டு!"ன்னு கத்தினேன். கண்ணாடி சாத்தியிருந்தது, கேட்கவில்லை.

அன்று ராத்திரி எட்டரைக்கு நான் சமையல் வேலையைப் போட்டுவிட்டு முன்ஜன்னலுக்கு வந்தேன். மே மாதம் என்பதால் இன்னும் வெளிச்சம் இருந்தது. மலைக் காற்று மேயிலும் கடிக்கும், யாரும் ஜன்னல் திறக்கிற நேரம் இல்லை. திறந்தேன். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே திறந்திருந்தது. அதற்கடுத்ததிலும். மருந்துக்கடைக்காரர் வீட்டில், தையல்காரி வீட்டில், தெரு முழுக்க, நான் ஒவ்வொன்றாக வரிக் கழிவு வாங்கிக்கொடுத்த இரட்டைக் கண்ணாடி எல்லாம் விரியத் திறந்து கிடந்தன. வீட்டுச் சூடெல்லாம் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ரோமில் இருப்பவர்கள் பார்த்தால் எல்லோருடைய சலுகையையும் பிடுங்கியிருப்பார்கள்.

எதிர்வாசல் கதவு திறந்தது. ஒரெஸ்தே மாமா வெளியே வந்தார். தலையில் தொப்பி. மறுபடியும் கோவிலைச் சுற்றத்தான் கிளம்பிவிட்டாரா?

படியில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"புவோனா நோத்தே"ன்னார், பழைய பிளாட்பாரக் குரலில், ஆனால் எங்களைப் பார்த்து.

"புவோனா நோத்தே, ஒரெஸ்தே மாமா!" தெருவே சொன்னது. நானும் சொன்னேன்.

அவர் திரும்பி, மிதியடியில் காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு, முன்வாசல் வழியாக உள்ளே போனார். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் நாங்கள் ஜன்னலைச் சாத்தினோம்.